ஸ்டேஷனுக்கு டீ கொண்டுபோன நாள்

கண்ணு,

இதை நீ திங்கட்கிழமைக்கு முன்னால் படித்துவிட வேண்டும். போனில் சொல்லிவிடலாம் என்று ஐந்து நாளாக முயற்சி செய்தேன். நீ "சொல்லுங்கப்பா" என்பாய். நான் "ஒன்னுமில்ல கண்ணு, சாப்டியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். முப்பது வருடம் பேக்கரி நடத்தி, வருகிற போகிறவர்களிடமெல்லாம் வாய் ஓயாமல் பேசியவன், பெற்ற பிள்ளையிடம் ஒரு விஷயத்தைச் சொல்ல நாக்கு எழாமல் உட்கார்ந்திருக்கிறேன். உன் அம்மாவிடமே இன்று காலையில்தான் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்தாள். பிறகு, "அவனுக்கு எழுதிக் குடுங்க. நானே கொண்டுபோய்க் குடுக்கறேன்" என்றாள். அதற்கப்புறம் என்னோடு பேசவில்லை. நாளைக்குப் பொள்ளாச்சி பஸ் ஏறி உன் வீட்டுக்கு வருகிறாள். அவள் கையிலிருந்து இதை வாங்கி, முழுக்கப் படித்துவிட்டு என்னைத் திட்டு. படித்த பிறகு இதை நீ யாருக்கு வேண்டுமானாலும் காட்டு. என்னைப் போன்ற அப்பாக்கள் ஊருக்குள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை ஆனைமலையில் உன் மாமியார் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு முடித்து முன்னறையில் உட்கார்ந்திருந்தோம். கவினின் பள்ளிக்கூடப் பையில் மாத்திரை அட்டையும் ஒரு சின்னப் பொட்டலமும் கிடைத்ததை அந்த அம்மா அழுதுகொண்டே சொன்னார்கள். புருஷன் போன பிறகு ஒண்டியாக நின்று உன் கிருத்திகாவையும் இந்தப் பையனையும் வளர்த்தவர்கள். "இவங்கப்பா இருந்திருந்தா நான் எதுக்குங்க மாப்ளை உங்ககிட்ட வந்து நிக்கறேன்" என்றார்கள். கவின் கதவோரம் தலையைத் தொங்கப்போட்டு நின்றான். பதினாறு வயது, மீசை இன்னும் சரியாக அரும்பவில்லை. நீ நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னாய்: "பயப்படாதீங்க அத்தை. எனக்குத் தெரிஞ்ச எஸ்ஐ ஒருத்தர் இருக்காருங்க. இப்ப லீவுல இருக்காரு, அடுத்த திங்கக்கெழம வந்துருவாரு. இவனைக் கூட்டிட்டுப் போய் ஒரு நாள் உக்கார வெச்சு ரெண்டு தட்டு தட்டி அனுப்பச் சொல்றேன். கேசு கீசு ஒன்னும் இல்லீங்க. அடி ஒதவற மாதிரி அண்ணந்தம்பி ஒதவ மாட்டான்னு சும்மாவா சொன்னாங்க? என்னையே அப்பிடித்தானுங்க திருத்துனாங்க. அன்னிக்கு வாங்குன அடிதான் என்னை மனுசனாக்குச்சு." சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாய். "ஏனுங்கப்பா, நாஞ்சொல்றது சரிதானுங்களே?"

நான் தலையாட்டினேன். அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, கவினும் பார்த்துக்கொண்டிருக்க, தலையாட்டினேன். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. எனக்கு ஏதோ உடம்புக்கு முடியவில்லை என்று உன் அம்மா நினைத்துக்கொண்டிருந்தாள். உடம்புக்கு ஒன்றும் இல்லை, பயம்தான். அந்தப் பயம் எங்கே தொடங்கியது என்று சொல்ல வேண்டுமானால் பத்து வருடம் பின்னால் போக வேண்டும்.

நம் பேக்கரி எந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு எதிரில் இருந்தது என்று உனக்குத் தெரியும். தாளில் அந்தப் பெயரை எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை. பேக்கரியை விட்டு மூன்று வருடம் ஆகிறது, இன்னும் இந்த லட்சணம். காலை பதினோரு மணிக்கும் சாயங்காலம் நாலு மணிக்கும் ஸ்டேஷனுக்கு டீ கொண்டுபோவது என் வேலை. கடையில் ஆட்கள் இருந்தார்கள், அவர்களை அனுப்பியிருக்கலாம். அனுப்ப மாட்டேன். ஒரு கையில் ஃப்ளாஸ்க், இன்னொரு கையில் கம்பிக்கூடையில் எட்டு கிளாஸ், நானேதான் ரோட்டைக் கடப்பேன். அதில் எனக்கு ஒரு பெருமை. "ஸ்டேஷன்ல நம்ம அண்ணனுக்கு நல்ல செல்வாக்கு" என்று பக்கத்துக் கடைக்காரர்கள் சொல்வார்கள். ஒரு ஆபத்து என்றால் இந்தப் பழக்கம் நம் குடும்பத்துக்குக் கைகொடுக்கும் என்று நம்பினேன். அந்த வாசலுக்கு நாள் தவறாமல் போய் வந்தவனுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல் இருக்குமா? பின்னறையிலிருந்து சில நாள் சத்தம் வரும். பெரியவர்கள் சத்தமும் வரும், மீசை முளைக்காத பையன்கள் சத்தமும் வரும். நான் கிளாஸ்களை மேசையில் வைத்துக்கொண்டே, "சக்கரை போதுமுங்களா சார்?" என்று கேட்பேன். யாரோ பெற்ற பிள்ளை, ஏதோ தப்புச் செய்திருக்கிறது, வாங்குகிறது. இப்படி எனக்கு நானே சொல்லிக்கொண்டு ரோட்டைக் கடந்து வந்துவிடுவேன். பாலைப் பொங்கவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டிய நேரம் அது.

உனக்கு அப்போது பதினேழு வயது. ஒரு நாள் உன் பேண்ட்டை ஊறப்போடும்போது உன் அம்மா பையில் ஒரு மாத்திரை அட்டையைப் பார்த்தாள். பத்தில் ஆறு காலி. அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. "ஏனுங்க, பையனுக்கு ஒடம்பு சரியில்லீங்களா? எங்கிட்டச் சொல்லவே இல்ல" என்று என்னிடம் கொடுத்தாள். நான் அதை மெடிக்கல் ஷாப்புக்குக் கொண்டுபோனேன். அந்தத் தம்பி கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "ஆருக்குங்ணா ஆபரேசனு?" என்று கேட்டான். ஒருவருக்கும் இல்லை என்றேன். அவன் குரலைத் தாழ்த்தி, "ஆபரேசன் பண்ணுனவங்களுக்கு வலிக்குக் குடுக்கறதுங்ணா. இப்பப் பசங்க இதைத்தான் போதைக்கு..." என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். அட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடந்தேன். ரோடு எது, ஓரம் எது என்று தெரியவில்லை.

உன்னைக் கூப்பிட்டு எதிரில் உட்கார வைத்துக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. நீ என்னைவிட ஒரு சாண் வளர்ந்து நின்றாய். நான் கேட்டு, நீ "ஆமாங்கப்பா" என்று சொல்லிவிட்டால், அதற்கு மேல் என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது. கோபப்படத் தெரியும், கத்தத் தெரியும், அதற்கப்புறம்? ஊர் என்ன சொல்லும், உன் பரீட்சை என்ன ஆகும் என்ற பயம் வேறு. என் பிள்ளையிடம் பேசப் பயந்துகொண்டு, அடுத்தவன் வாயாலும் கையாலும் பேசிவிடலாம் என்று நினைத்தேன். மறுநாள் நாலு மணி டீயோடு ஏட்டய்யாவிடம் போய் நின்றேன். உனக்கு அவரைத் தெரியும், தேங்காய் பன் என்றால் உயிரை விடுவாரே, அவர்தான். "பையன் கூட்டாளி சரியில்லீங்க. ஜோசுவான்னு ஒரு பையன். சாயங்காலமானா தண்ணித்தொட்டிக்குப் பின்னால இருக்கற காலியிடத்துல நிக்கறாங்க. பாத்தா ரெண்டு மெரட்டு மெரட்டி உடுங்க. என்ற பையன் பேரு மட்டும் எதுலயும் வரக்கூடாதுங்க" என்றேன். அவர் சிரித்தார். "உங்க பையன் நம்ம பையனுங்ணா. அவன் பேரை நான் எழுதவே இல்ல பாருங்க" என்று சின்ன நோட்டைக் காட்டினார். அதில் 'தண்ணித்தொட்டி பின்னால், ஜோசுவா' என்று மட்டும் இருந்தது. எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. அன்று அவருக்கு ஒரு பொட்டலம் பன் கூடுதலாகக் கொடுத்தேன்.

ஆமாம் கண்ணு. அந்த இடத்தைச் சொன்னவன் நான். எவனோ ஆகாதவன் போட்டுக்கொடுத்துவிட்டான் என்று பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாயே, அவன் இதோ எழுதிக்கொண்டிருக்கிறான்.

மூன்று நாள் கழித்து மாசாணியம்மன் கோயில் குண்டம் திருவிழாவுக்குப் பந்தோபஸ்து என்று ஏட்டய்யாவை ஆனைமலைக்கு அனுப்பிவிட்டார்கள். எனக்கு அது தெரியாது. அந்த வாரம்தான் மாத்திரை, கஞ்சா என்று பிடிப்பதற்குப் புதிதாக ஒரு தனிப்படை வந்து இறங்கியிருந்தது. என்னையோ உன்னையோ அவர்களுக்கு அடையாளம் தெரியாது. ஏட்டய்யா நோட்டில் எழுதியது ஸ்டேஷனில் தகவலாக நின்றது. அவர்கள் ஜோசுவாவைத் தேடிப் போனார்கள். கூட நின்ற பையனையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு வந்தார்கள். அந்தப் பையன் பெயரை எதிலும் எழுதக் கூடாது என்று கெட்டிக்காரத்தனமாகக் கேட்டு வாங்கியவன் நான் இல்லையா? அதனால் அவன் யார் என்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை.

அன்றும் நாலு மணிக்கு டீ கொண்டுபோனேன். வாசலில் இரண்டு ஜோடிச் செருப்பு கிடந்தது. ஒன்று நீல வார் வைத்தது. அதை மிதித்துவிடாமல் ஒதுங்கிப் போனேன். பின்னறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே லத்தியின் சத்தம், அதோடு ஒரு பையன், "அப்பா, அப்பா, ஐயோ அப்பா" என்று கத்தினான். அந்த அறையில் எல்லாப் பையன்களும் அம்மா என்றோ அப்பா என்றோதான் கத்துவார்கள், எனக்குக் கேட்டுக் கேட்டுப் பழக்கம். முன்னால் நின்ற போலீஸ்காரர் கிளாஸை எடுத்துக்கொண்டு, "மாத்திரை பார்ட்டிங்ணா. ரெண்டு பசங்க. இன்னும் வாயே தொறக்கல" என்றார். அப்போது நான் ஒரு வார்த்தை சொன்னேன். இதைத்தான் உன் அம்மாவிடம் சொல்லும்போதும் என்னால் முடிக்க முடியவில்லை. "நல்லா நாலு போடுங்க சார், அப்பத்தான் புத்தி வரும்" என்றேன். அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். சர்க்கரை போதுமா என்று கேட்டேன். ஃப்ளாஸ்க்கை மூடிக்கொண்டு கடைக்கு வந்து, பஃப்ஸ் கேட்டு நின்றவர்களுக்கு எடுத்துக் கொடுத்தேன்.

ஆறு மணிக்கு உன் அம்மா போன் செய்தாள். "ஏனுங்க, பையன் இன்னும் ஊட்டுக்கு வல்லீங்களே" என்றாள். எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்த நீல வார்தான். தீபாவளிக்கு நான் வாங்கிக் கொடுத்த செருப்பு. கிளாஸ் எடுக்கப் போகிறவன் மாதிரி ரோட்டைக் கடந்தேன். உள்ளே போய் ஸ்டேஷன் ரைட்டரிடம் உன் பெயரைச் சொன்னேன். அவர் எழுந்து நின்றுவிட்டார். "அய்யோ, உங்க பையனுங்களா? மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதுங்களா?" என்று என்னைத்தான் கடிந்துகொண்டார். வெறும் தாளில் என்னிடம் ஒரு கையெழுத்து வாங்கினார்கள். உன்னை வெளியே கொண்டுவந்தார்கள். குதிகாலால் நடந்துவந்தாய். வலது கை மோதிர விரல் கத்தரிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. செருப்புக்குள் பாதம் நுழையவில்லை, நான் அதைக் கையில் எடுத்துக்கொண்டேன். பிற்பாடு உன் அம்மா, "அப்பா பேரச் சொல்லியிருந்தா உட்டிருப்பாங்களே சாமி" என்று கேட்டபோது, "அப்பா பேரு கெட்டுப்போயிருமேன்னு சொல்லலீங்கம்மா" என்றாய். நான் அடுத்த அறையில் இருந்தேன். கேட்டது.

ஜோசுவா சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தான். ஒரு காதிலிருந்து ரத்தம் கழுத்துக்கு இறங்கிக் காய்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும், "அங்கிள், எங்கம்மாகிட்ட மட்டும் சொல்லிப்போடுங்க" என்றான். "சரி கண்ணு" என்றேன். உன்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு நேராக நம் வீட்டுக்குத்தான் வந்தேன். அவன் அம்மா மில்லில் ஷிப்ட் முடிந்து வந்து, மகனைக் காணாமல், ஒவ்வொரு ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். நான் மறுநாள் பதினோரு மணிக்குத்தான் போய்ச் சொன்னேன். அதற்குள் அவன் மேல் கேஸ் எழுதி, சிறுவர்களை அடைக்கிற கூர்நோக்கு இல்லத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அடி தாங்காமல் "மாத்திரை ஜோசுவாவோடதுங்க" என்று நீ சொல்லிவிட்டாய். அந்தக் குற்ற உணர்ச்சியில் இன்றுவரை அவன் பெயரைக்கூட எடுப்பதில்லை. நீ வாயைத் திறப்பதற்கு மூன்று நாள் முன்பே அவன் பெயர் அந்த நோட்டில் இருந்தது. அந்தப் பாரத்தை இன்றோடு இறக்கி வை. அது நான் சுமக்க வேண்டியது.

உன் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கிற சமயத்தில், மேட்டுப்பாளையம் போகிறேன் என்று உங்களிடம் பொய் சொல்லிவிட்டு வால்பாறை பஸ் ஏறினேன். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் இறங்கித் திரும்பிவிடலாமா என்று இருந்தது. ஜோசுவாவும் அவன் அம்மாவும் எஸ்டேட் லைன் வீட்டில் இருக்கிறார்கள். அந்த அம்மாவின் பிறந்த இடம் அது. அவன் தேயிலை ஃபேக்டரியில் வேலை செய்கிறான். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, நாற்காலியைத் துடைத்துப் போட்டு, டீ போட்டுக் கொடுத்தான். பேசும்போது முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி வலது காதைக் காட்டினான். இடது காது கேட்காது. "எடுத்தமுங்க அங்கிள், இல்லைன்னு சொல்ல மாட்டேன். ரெண்டு பேருந்தான். ஒரு அண்ணன் குடுத்தாருங்க, மொதல்ல சும்மாவே குடுத்தாரு" என்றான். அந்த அண்ணனைப் பிடித்தார்களா என்று கேட்டேன். "அவரை ஆருங்க புடிக்கறாங்க" என்று சொல்லிவிட்டு, "அவன் நல்லாருக்கானுங்களா? என்னையக் கேப்பானுங்களா?" என்றான். "கேப்பான் கண்ணு" என்றேன். பையில் இருந்த உன் கல்யாணப் பத்திரிகையை எடுக்காமலே திரும்பி வந்தேன். எந்த முகத்தோடு எடுப்பது?

இவ்வளவும் கேட்ட பிறகும், "இருந்தாலும் நான் திருந்தினேனே அப்பா" என்று நீ சொல்லலாம். அங்கேதான் கண்ணு உனக்கு மறந்துபோயிருக்கிறது. அடி வாங்கி வந்த பிறகு நீ மாத்திரையை விட்டுவிடவில்லை, முன்னைவிட அதிகமாக விழுங்கினாய். கால் வலி, கை வலி, தூங்கினால் அந்த அறை. இரண்டு மாதம் அப்படிப் போனது. பதினேழு வயதுப் பிள்ளையின் படுக்கை விரிப்பை உன் அம்மா எத்தனை நாள் விடிவதற்குள் துவைத்துப் போட்டாள் என்று அவளைக் கேட்டுப் பார், சொல்ல மாட்டாள். அவள்தான் உன்னைப் பெரியாஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். புதன்கிழமை, புதன்கிழமை, நாலு மாதம். அங்கே ஒரு டாக்டரம்மா, "இந்த வாரம் எப்படிப் போச்சு தம்பி?" என்று கேட்டுவிட்டு, நீ பதில் சொல்லும் வரை பேனாவை வைத்துவிட்டுக் காத்திருப்பார்களாம். நடுவில் இரண்டு தடவை நீ மறுபடி எடுத்தாய், இரண்டு தடவையும் அவர்கள் திட்டவில்லையாம். வெளியே பெஞ்சில் உன் அம்மா உட்கார்ந்திருப்பாள். நான் ஒரு புதன்கிழமைகூட வந்ததில்லை. கடையை யார் பார்ப்பது என்று கேட்பேன். ஸ்டேஷனுக்கு டீ மட்டும் அதற்குப் பிறகும் நாள் தவறாமல் கொண்டுபோனேன். நிறுத்தினால் என்ன நினைப்பார்களோ என்ற பயம்.

அந்தப் புதன்கிழமைகளை நீ யாரிடமும் சொல்வதில்லை, அடியை மட்டும் சொல்கிறாய். அடி வாங்கினேன் என்று சொல்வதில் ஒரு ஆம்பளைத்தனம் இருக்கிறது போல. மனநல டாக்டரைப் பார்க்க வரிசையில் உட்கார்ந்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. சொல்கிற அடியையும் பாதிதான் சொல்கிறாய். "ரெண்டு தட்டு" என்றாய். கல்யாணத்தில் மோதிரம் அந்த விரலில் ஏறாமல் நின்றபோது கிரிக்கெட் பந்து பட்டது என்று கிருத்திகாவிடம் சொன்னாயே, அவளுக்கு இன்னும் அதுதானே தெரியும்? போன வருடம் பொள்ளாச்சி ரோட்டில் நாம் இரண்டு பேரும் வண்டியில் போனோம். ஹெல்மெட் இருக்கிறது, பேப்பர் எல்லாம் இருக்கிறது. வழியில் ஒரு போலீஸ்காரர் கையைத் தூக்கினார். நீ வண்டியை அணைத்துவிட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போனாய். நான் பின்னால் நடந்தேன். உன் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டதையும், முழங்கால் நடுங்கியதையும் பார்த்தேன். அவர் பாவம், நல்ல மாதிரியாகத்தான் பேசினார். நீ கொஞ்ச தூரம் போன பிறகு சிரித்துப் பேச ஆரம்பித்தாய், நானும் பார்க்காதவன் மாதிரி சிரித்தேன். இருபத்தாறு வயதில் உனக்கு வந்த அந்த நடுக்கத்தைக் கவினுக்கு எழுதிவைக்கப் பார்க்கிறாய்.

உனக்குத் தெரிந்த எஸ்ஐ நல்லவராகவே இருக்கட்டும். நம் ஏட்டய்யாவும் நல்லவர்தான். ஊருக்குத் திரும்பி வந்து, "நான் இருந்திருந்தா அவனைத் தொட உட்டிருக்க மாட்டனுங்ணா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனால் அன்றைக்கு அவர் ஆனைமலையில் இருந்தார். உன் எஸ்ஐயை ஒரு மணி நேரம் வேறு வேலைக்குக் கூப்பிட்டால்? மேலே இருந்து கேஸ் எங்கே என்று நெருக்கினால்? நீ ஒப்படைத்துவிட்டு வாசலுக்கு வெளியே நிற்பாய், கதவைச் சாத்துவார்கள். ரெண்டு தட்டு என்று நீ கேட்பாய், மூன்றாவதை நிறுத்தச் சொல்ல உள்ளே யார் இருப்பார்கள்? விசாரணைக்குக் கூட்டிப்போன பையனைப் பற்றிப் பேப்பரில் ஏதாவது வந்தால், நான் அந்தப் பக்கத்தை மட்டும் மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிடுவேன். உன் அம்மாவும் ஏன் என்று கேட்டதில்லை. நான் வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்டவன், அந்தக் கதையை நீ மறுபடி ஆரம்பிக்காதே. கவின் தப்புச் செய்யவில்லை என்று நான் சொல்லவே இல்லை. செய்திருக்கிறான். அவனிடம் உட்கார்ந்து கேளுங்கள், யார் கொடுத்தது, எத்தனை நாளாக, எதற்காக என்று. கேட்கப் பயமாக இருந்தால் என்னைப் பக்கத்தில் வைத்துக்கொள். எனக்கும் பயமாகத்தான் இருக்கும், இரண்டு பேராகக் கேட்போம்.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் நான் ஆனைமலைக்கு வருகிறேன். அந்த அம்மாவிடம் என் வாயால் சொல்லிவிட்டுக் கவினை நம் வீட்டுக்குக் கூட்டிவரப் போகிறேன். புதன்கிழமை பெரியாஸ்பத்திரிக்கு நானே கூட்டிப்போய் அந்தப் பெஞ்சில் உட்காருகிறேன். எத்தனை புதன்கிழமை ஆனாலும் சரி, இப்போது எனக்குக் கடை இல்லை. இதற்கு நீ குறுக்கே நிற்காமல் இருந்தால் போதும். என்னோடு பேச மாட்டேன் என்றால் பேசாதே, அதைத் தாங்கிக்கொள்வேன். முடிந்தால் ஒரு நாள் வால்பாறைக்குப் போ. போனால் ஜோசுவாவுக்கு வலது பக்கமாக உட்கார்.

ஒன்று மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை நாம் கிளம்பும்போது நீ வண்டியைத் திருப்பப் போனாய். கவின் தேங்காய்ப் பையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தான். யாரும் பக்கத்தில் இல்லை என்று பார்த்துக்கொண்டு, "மாமா, அடிப்பாங்களா?" என்று கேட்டான். உடைந்துகொண்டிருக்கிற குரல், பாதி பையன் குரல், பாதி ஆள் குரல். "சே சே, சும்மா மெரட்டுவாங்க கண்ணு" என்றேன். அவன் நம்பவில்லை. பையின் இன்னொரு காதை விடாமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே நின்றான்.

பத்து வருடத்துக்கு முன்னால், சாத்திய கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, உன் குரல் எனக்கு அடையாளம் தெரியவில்லை கண்ணு. யாரோ ஒரு பையன் என்று நினைத்தேன். இவன் குரல் எனக்குத் தெரிந்துவிட்டது.

உன் அப்பா